நார்மல் கரைசல்: பொருளும் பயனும்

வயலில் பல இடங்களில் எடுத்துக் கலக்கப்பட்ட மண், ஒரு துணிப்பையில் கட்டப்பட்டுப் பெயர்ச் சீட்டுடன் பரிசோதனைக் கூடத்தை அடைகிறது. பின்னர் ஓர் அட்டை விவசாயியின் கைக்கு வருகிறது. அங்ககக் கரிமம் இத்தனை விழுக்காடு, ஆதலின் இவ்வளவு உரம் இடுக என்று அதில் காணப்படுகிறது. 2015ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் இராஜஸ்தானத்தின் சூரத்கட்டில் தொடங்கப்பெற்ற மண்வள அட்டைத் திட்டத்தின்கீழ், பன்னிரண்டு குணங்கள் இவ்வாறு ஆராயப்பட்டு விவசாயிகளுக்கு அறிவிக்கப்படுகின்றன.

அட்டையில் அச்சாகும் கரிம விழுக்காடு எங்ஙனம் கிடைக்கிறது? பழைய முறையைப் பின்பற்றும் கூடங்களில் அஃது இரண்டு எண்களிலிருந்து பிறப்பதாகும். ஒன்று, பியூரெட்டில் படித்தறிந்த கன அளவு. மற்றொன்று, கரைசல் உள்ள புட்டியின்மீது எழுதப்பட்டுள்ள ‘0.5 நார்மல்’ என்னும் குறிப்பு. முன்னதைச் சோதனை செய்பவர் தம் கண்ணாலேயே காண்கிறார். பின்னதையோ பெரும்பாலும் நம்பி ஏற்றுக்கொள்கிறார். அந்நம்பிக்கைக்கு ஆதாரம் யாது, அஃது எப்போது பொய்க்கும் என்பவற்றை மண்ணையும் நீரையும் சோதிக்கும் களப்பணியாளரும், இரசாயனம் கற்பிக்கும் ஆசிரியரும் தெளிவாக அறிந்திருத்தல் அவசியமாகும்.

சமான எடை என்னும் கருத்து

ஒரு குறித்த அளவு அமிலத்தை நடுநிலையாக்க ஒவ்வொரு காரமும் ஒவ்வோர் அளவில் தேவைப்படுகிறது. இந்த அளவுகள் தம்முள் மாறாத விகிதத்தில் நிற்கின்றன என்பதை ஜெர்மானிய இரசாயன அறிஞர் ஜெரமையாஸ் ரிக்டர் 1792ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்தார். பொருள்கள் ஒன்றோடொன்று கூடும் அளவுகளை ஆயும் துறைக்கு ‘ஸ்டாய்கியோமெட்ரி’ என்ற பெயரை வழங்கியவரும் அவரே. 40 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு செய்யும் வேலையைச் செய்யப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு 56 கிராம் வேண்டும். நீரற்ற சோடியம் கார்பனேட்டாயின் 53 கிராம் போதும். எடையில் வேறுபட்ட இவை அமிலத்தின் முன்னிலையில் சமமானவை. ஆதலின் இவ்வெடைகள் சமான எடைகள் எனப்படும்.

அக்காலத்தில் சாயத்தொழிலும் சலவைத்தொழிலும் பெருகி வந்தன. வாங்கும் காரத்தின் தரத்தையும் வெளுக்கும் திரவத்தின் வலிமையையும் விரைவில் அளந்தறியும் முறை ஒன்று ஆலைகளுக்குத் தேவைப்பட்டது. பிரான்ஸ் நாட்டில் டெக்ருவாசில் என்பார் குளோரின் கலந்த வெளுப்புத் திரவத்தை அவுரிச் சாயத்தின் கரைசலைக் கொண்டு மதிப்பிட்டார். பின்னர் கே-லுசாக் இம்முறையைச் செம்மைப்படுத்தினார். 1832ஆம் ஆண்டில் வெள்ளியின் மாற்றினை உப்புக் கரைசலால் அறியும் முறையை அவர் வெளியிட்டார். அவர் அமைத்த கரைசல் 100 மில்லிலிட்டர் எடுத்தால், சரியாக 1 கிராம் வெள்ளி வீழ்படிவாகும். கணக்கு மிக எளிது. எனினும் அக்கரைசல் வெள்ளிக்கு மட்டுமே பொருந்தும். வேறொரு பொருளை அளக்க வேண்டுமாயின், அதற்கென வேறொரு கரைசலை அமைத்தல் வேண்டும்.

இக்குறையைப் போக்கியதே நார்மல் கரைசல். ஒரு பொருளின் கிராம் எடைக்கு ஏற்பக் கரைசலை அமைக்காமல், சமான எடைக்கு ஏற்ப அமைத்தால், ஒரே அமிலக் கரைசல் எல்லாக் காரங்களையும் அளக்கப் பயன்படும் அன்றோ? கோப்ளென்ஸ் நகரத்து மருந்தாளரான கார்ல் பிரெடரிக் மோர் 1855ஆம் ஆண்டில் வெளியிடத் தொடங்கிய நூல், தரம் பார்த்தல், அதாவது டைட்ரேஷன், என்னும் முறையை ஐரோப்பா முழுவதும் பரப்பி, நார்மல் கரைசலையும் வழக்கிற்குக் கொணர்ந்தது.

நார்மல் என்பதன் இலக்கணம்

ஒரு லிட்டர் கரைசலில் ஒரு பொருளின் ஒரு கிராம்-சமான எடை கரைந்திருப்பின், அஃது ஒரு நார்மல் கரைசல் ஆகும். ஒரு லிட்டரில் எத்தனை கிராம்-சமான எடைகள் உள்ளனவோ, அந்த எண்ணே நார்மாலிட்டி.

கந்தக அமிலத்தின் மூலக்கூறு எடை 98. அதில் காரத்திற்கு விட்டுக்கொடுக்கக்கூடிய ஹைட்ரஜன் இரண்டு. ஆகவே அதன் சமான எடை 49. ஒரு லிட்டரில் 49 கிராம் இருப்பின் ஒரு நார்மல். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அத்தகைய ஹைட்ரஜன் ஒன்றே. ஆதலின் மூலக்கூறு எடையாகிய 36.5 தானே சமான எடையுமாகும். ஆக்ஸாலிக் அமிலப் படிகத்தின் மூலக்கூறு எடை 126. அதன் சமான எடை 63.

இவ்வாறு அமைக்கப்பட்ட கரைசல்களின் சிறப்பு யாதெனின், ஒரே நார்மாலிட்டியுள்ள இரு கரைசல்கள் சம கன அளவில் ஒன்றையொன்று முழுமையாக ஈடுசெய்யும் என்பதே. 25 மில்லிலிட்டர் 1/10 நார்மல் காரத்திற்கு, எந்த அமிலமாயினும் 1/10 நார்மலில் 25 மில்லிலிட்டரே தேவைப்படும். நார்மாலிட்டிகள் வேறுபடுமாயின் பின்வரும் சமன்பாடு போதும்:

அமிலத்தின் நார்மாலிட்டி × அமிலத்தின் கன அளவு = காரத்தின் நார்மாலிட்டி × காரத்தின் கன அளவு.

இரசாயனச் சமன்பாட்டை எழுதாமலேயே, பெருக்கல் வகுத்தல் தெரிந்த ஒருவர் விடையை அடைந்துவிடலாம். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகப் பரிசோதனைக் கூடங்களில் நார்மாலிட்டி நிலைபெற்றதற்கு இந்த எளிமையே காரணம்.

குடிநீர்ச் சோதனையில்

இந்த எளிமையை நீர்ச் சோதனையில் நன்கு காணலாம். நீரின் காரத்தன்மையைக் கால்சியம் கார்பனேட்டின் அளவாகக் கூறுவது மரபு. கால்சியம் கார்பனேட்டின் சமான எடை 50. ஆகவே 1/50 நார்மல் அமிலம் ஒரு மில்லிலிட்டர் செலவானால், ஒரு மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்கு ஈடான காரம் நீரில் உள்ளது என்று பொருள். 100 மில்லிலிட்டர் நீரை எடுத்துச் சோதித்தால், செலவான மில்லிலிட்டரைப் பத்தால் பெருக்கிய அளவில் விடை கிடைத்துவிடும். குளோரைடை அளக்கும் வெள்ளி நைட்ரேட் கரைசலை 0.0282 நார்மல் என்று விநோதமான ஓர் எண்ணில் அமைப்பதும் இதனாலேயே. குளோரைடின் சமான எடை 35.45, இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ ஒன்று. எனவே ஒரு மில்லிலிட்டர் ஒரு மில்லிகிராம் குளோரைடைக் காட்டும். குரோமேட்டை நிறங்காட்டியாகக் கொண்ட இக்குளோரைடுச் சோதனையும் மோரின் பெயராலேயே வழங்குகிறது.

ஆனால் கணக்கு எளிதாகும்போது கவனம் தளர்வதும் இயல்பு. 100 மில்லிலிட்டர் கிணற்று நீருக்கு அமிலம் 23.5 மில்லிலிட்டர் செலவாயிற்று என்க. காரத்தன்மை லிட்டருக்கு 235 மில்லிகிராம் என்று பதிவாகும். இந்தியத் தர நிர்ணயம் 10500இன் 2012ஆம் ஆண்டுப் பதிப்பின்படி குடிநீரில் ஏற்கத்தக்க அளவு 200 மில்லிகிராம்; மாற்று நீர் இல்லாதவிடத்து 600 வரை அனுமதி உண்டு. ஆகவே அந்நீர் ஏற்கத்தக்க அளவைக் கடந்ததாகக் கருதப்படும். ஆனால் புட்டியிலிருந்த அமிலம் 0.020 நார்மலாக இல்லாமல் உண்மையில் 0.017 நார்மலாக இருந்திருந்தால், சரியான விடை ஏறத்தாழ 200 மில்லிகிராமே ஆகும். கிணறு மாறவில்லை, பியூரெட்டைப் படித்ததிலும் பிழையில்லை. சீட்டில் இருந்த எண் மட்டுமே தவறு.

எதிர்வினையைச் சார்ந்த அளவு

நார்மாலிட்டியைப் பற்றி மாணவர்கள் பெரிதும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஒரு கரைசலின் அடர்த்தியோ, லிட்டருக்கு இத்தனை கிராம் என்னும் அளவோ, அக்கரைசலுக்கே உரியது. நார்மாலிட்டி அத்தகையதன்று. அக்கரைசல் எந்த எதிர்வினையில் ஈடுபடப் போகிறது என்பதையும் சேர்த்தே அதனைக் கூறுதல் வேண்டும்.

சோடியம் கார்பனேட்டை எடுத்துக்கொள்க. அதன் மூலக்கூறு எடை 106. மெதில் ஆரஞ்சு நிறங்காட்டியைக் கொண்டு அமிலத்துடன் தரம் பார்த்தால், கார்பனேட் முழுவதும் கார்பானிக் அமிலமாகும்வரை வினை செல்லும். ஒரு மூலக்கூறுக்கு இரண்டு ஹைட்ரஜன் செலவாகும். சமான எடை 53. பினாப்தலீனைக் கொண்டு பார்த்தாலோ, கார்பனேட் பைகார்பனேட்டாக மாறியவுடன் சிவப்பு நிறம் மறைந்துவிடும். ஒரு ஹைட்ரஜனே செலவாகும். சமான எடை 106 ஆகிவிடும். லிட்டருக்கு 5.3 கிராம் கொண்ட ஒரே கரைசல், முன்னதற்கு 1/10 நார்மல். பின்னதற்கு 1/20 நார்மல்.

ஆக்சிகரண வினைகளில் இவ்வேறுபாடு இன்னும் மிகுதி. அங்கு ஹைட்ரஜனுக்குப் பதிலாக, ஒரு மூலக்கூறு ஏற்கும் அல்லது இழக்கும் எலெக்ட்ரான்களின் எண்ணிக்கையால் மூலக்கூறு எடையை வகுக்க வேண்டும். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின் மூலக்கூறு எடை 158. அமிலம் மிகுந்த கரைசலில் அஃது ஐந்து எலெக்ட்ரான்களை ஏற்று நிறமற்ற மாங்கனஸ் உப்பாகிறது. சமான எடை 31.6. நடுநிலைக் கரைசலில் மூன்று எலெக்ட்ரான்களை மட்டும் ஏற்றுப் பழுப்பு நிற மாங்கனீஸ் டையாக்சைடாகப் படிகிறது. சமான எடை 52.7. காரம் மிகுந்த கரைசலில் ஒரே எலெக்ட்ரானை ஏற்றுப் பச்சை நிற மாங்கனேட்டாக நிற்பதும் உண்டு. அப்போது சமான எடை 158.

ஆகவே லிட்டருக்கு 3.16 கிராம் கொண்ட ஒரு புட்டிப் பெர்மாங்கனேட், அமில நிலையில் 0.1 நார்மல், நடுநிலையில் 0.06 நார்மல், மிகுந்த கார நிலையில் 0.02 நார்மல். புட்டியில் வெறுமனே ‘1/10 நார்மல்’ என்று எழுதி வைத்து ஒருவர் மாற்றலாகிச் சென்றார் என்க. அவருக்குப் பின் வந்தவர் அதனை நடுநிலை வினை ஒன்றில் பயன்படுத்தினால், உண்மையில் 6 இருக்குமிடத்தில் 10 என்று கணக்கிடுவார். எத்தனை முறை சோதித்தாலும் அதே தவறான விடை வரும். விடைகள் ஒன்றோடொன்று ஒத்திருப்பதால் ஐயமும் எழாது.

மண்ணின் கரிமத்தை அளத்தல்

மண்ணின் அங்ககக் கரிமத்தை அளக்க வாக்லி, பிளாக் என்னும் இருவர் 1934ஆம் ஆண்டில் வெளியிட்ட முறை இந்தியாவில் நெடுங்காலமாகக் கையாளப்பட்டு வருகிறது. ஒரு கிராம் மண்ணுடன் 1 நார்மல் பொட்டாசியம் டைகுரோமேட் கரைசலில் 10 மில்லிலிட்டரும், அடர் கந்தக அமிலம் 20 மில்லிலிட்டரும் சேர்த்து அரைமணி நேரம் வைக்கப்படும். அமிலம் கலக்கும்போது எழும் வெப்பத்தில் டைகுரோமேட் கரிமத்தை ஆக்சிகரணம் செய்கிறது. பின்னர் நீரும் பாஸ்பாரிக் அமிலமும் டைபினைலமீன் நிறங்காட்டியும் சேர்த்து, எஞ்சிய டைகுரோமேட் 0.5 நார்மல் பெர்ரஸ் அம்மோனியம் சல்பேட் கரைசலால் அளக்கப்படும். ஊதா கலந்த நீல நிறம் ஒளிர்பச்சையாக மாறுவது முடிவு நிலை. மண் இல்லாமல் இதே சோதனையைச் செய்வது வெற்றுச் சோதனை எனப்படும்.

இங்கு இரண்டு புட்டிகள் உள்ளன. இரண்டின் இயல்பும் வேறு. டைகுரோமேட்டைத் தூய்மையாகப் பெறலாம். உலர்த்தி நிறுத்தால் எடையையே நம்பலாம். கரைசலும் நெடுநாள் கெடாது. அதன் மூலக்கூறு எடை 294. இவ்வினையில் ஏற்கும் எலெக்ட்ரான்கள் ஆறு. ஆகவே லிட்டருக்கு 49.04 கிராம் எடுத்தால் 1 நார்மல். நார்மல் என்பதை மோலார் என்று மயங்கி 294 கிராம் நிறுப்பவரை அப்பொருளே தடுத்துவிடும். அறை வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் அவ்வளவும் கரையாது.

பெர்ரஸ் அம்மோனியம் சல்பேட்டோ அத்தகையதன்று. மோர் உப்பு என்று மோரின் பெயரையே தாங்கிய இப்பொருள் ஒரே எலெக்ட்ரானை இழப்பது. அதனால் மூலக்கூறு எடையாகிய 392 சமான எடையும் ஆகும். 0.5 நார்மலுக்கு லிட்டருக்கு 196 கிராம் வேண்டும். ஆனால் கரைசலிலுள்ள பெர்ரஸ் இரும்பு காற்றிலுள்ள ஆக்சிஜனால் சிறிது சிறிதாக பெர்ரிக் இரும்பாக மாறுகிறது. கந்தக அமிலம் சேர்ப்பதால் இம்மாற்றத்தின் வேகம் குறையுமேயன்றி நின்றுவிடாது. இன்று 0.5 ஆக இருப்பது சில நாட்களில் அதனினும் குறைந்துவிடும். புட்டியின் சீட்டு மட்டும் மாறாமல் இருக்கும்.

இதன் விளைவை ஒரு கணக்கால் காணலாம். கரிமத்தின் அணு எடை 12. ஆக்சிகரணத்தில் இழக்கும் எலெக்ட்ரான் நான்கு. ஆகவே ஒரு மில்லி சமானம் 0.003 கிராம். ஒரு கிராம் மண்ணில் கரிம விழுக்காடு பின்வருமாறு பெறப்படும்:

விழுக்காடு = (வெற்றுச் சோதனையின் அளவு − மண் சோதனையின் அளவு) × நார்மாலிட்டி × 0.003 × 100.

கரைசல் சரியாக 0.5 நார்மலாயின் வெற்றுச் சோதனைக்கு 20.0 மில்லிலிட்டர் செலவாகும். ஒரு மண்ணுக்கு 16.6 மில்லிலிட்டர் செலவாயின் வேறுபாடு 3.4, கரிமம் 0.51 விழுக்காடு. இந்தியாவில் வழங்கும் வகைப்பாட்டில் 0.50க்குக் கீழ் குறைவு, 0.50 முதல் 0.75 வரை நடுத்தரம். அதற்கு மேல் அதிகம். ஆகவே இம்மண் நடுத்தரமானது.

இப்போது கரைசல் 0.45 நார்மலாக வலிமை குன்றிவிட்டது என்க. அதே மண்ணுக்கு 18.44 மில்லிலிட்டர் செலவாகும். சோதனை செய்பவர் அன்று வெற்றுச் சோதனையைச் செய்யாமல், பழைய பதிவிலிருந்த 20.0 என்னும் எண்ணையே எடுத்துக்கொண்டால், வேறுபாடு 1.56 ஆகும், கரிமம் 0.23 விழுக்காடு என்று விடை வரும். நடுத்தரமான மண் மிகவும் ஏழ்மையான மண்ணாக அறிவிக்கப்படும். தேவைக்கு மேல் தழைச்சத்து உரம் இடுமாறு விவசாயிக்குச் சொல்லப்படும். கூடத்தில் மிச்சமானது அரைமணி நேரம். வயலில் வீணானது உரமும் பணமும்.

அன்றே வெற்றுச் சோதனை செய்திருந்தால் 22.22 மில்லிலிட்டர் செலவாகியிருக்கும். 10 மில்லிலிட்டர் 1 நார்மல் டைகுரோமேட்டை 22.22ஆல் வகுத்தால் 0.45 என்ற உண்மையான நார்மாலிட்டி தானே வெளிப்பட்டுவிடும். வேறுபாடு 3.78; அதனை 0.45ஆலும் 0.3ஆலும் பெருக்கினால் மீண்டும் அதே 0.51. கரைசல் வலிமை குன்றியது தவறன்று; அதனை அளக்காமல் விட்டதே தவறு. வெற்றுச் சோதனை வெறும் சடங்கு என்று எண்ணுவோர் இக்கணக்கை ஒருமுறை தாமே செய்து பார்த்தல் நலம்.

இம்முறையில் மண்ணின் கரிமம் முழுவதும் ஆக்சிகரணம் அடைவதில்லை என்பதும் நினைவிற்குரியது. சராசரியாக 77 விழுக்காடே அகப்படுகிறது என்று கொண்டு, சில கூடங்களில் விடையை 1.3ஆல் பெருக்குகின்றனர், சிலவற்றில் பெருக்குவதில்லை. மேலே கண்டவை பெருக்காத விடைகள். எவ்வழி கையாளப்பட்டது என்பதையும் பதிவேட்டில் குறித்தல் வேண்டும். டைகுரோமேட் நச்சுத்தன்மை மிக்கது. ஆகவே இச்சோதனை பள்ளி மாணவர் கையில் கொடுக்கத்தக்கதன்று. எஞ்சிய திரவத்தை வடிகாலில் கொட்டுவதும் கூடாது.

பாசன நீரும் மில்லி சமானமும்

பஞ்சாப், ஹரியானா, உத்தரப் பிரதேசம் ஆகிய பகுதிகளில் பல கிணறுகளின் நீர் பைகார்பனேட் மிகுந்தது. அந்நீர் தொடர்ந்து பாயும் நிலம் சோடியம் ஏறிக் களர் நிலமாகிறது. 1969ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றுக் கர்னாலில் இயங்கிவரும் மத்திய மண் உவர்த்தன்மை ஆராய்ச்சி நிலையம் இத்தகைய நிலங்களைச் சீர்திருத்தும் முறைகளை ஆய்ந்து வருகிறது. பாசன நீரை மதிப்பிட ஈட்டன் என்பார் 1950இல் வகுத்த ‘எஞ்சிய சோடியம் கார்பனேட்’ என்னும் அளவு சமான எடையின் மொழியிலேயே அமைந்தது. கார்பனேட், பைகார்பனேட் இரண்டின் கூட்டுத்தொகையிலிருந்து கால்சியம், மக்னீசியம் இரண்டின் கூட்டுத்தொகையைக் கழிக்க வேண்டும். எல்லாம் லிட்டருக்கு இத்தனை மில்லி சமானம் என்ற அளவில் இருத்தல் வேண்டும். விடை 1.25க்குக் கீழாயின் நீர் தீங்கற்றது, 2.5க்கு மேலாயின் பாசனத்திற்கு ஏற்றதன்று.

ஒரு கிணற்று நீரில் கார்பனேட் இல்லை. லிட்டருக்குப் பைகார்பனேட் 488 மில்லிகிராம், கால்சியம் 30, மக்னீசியம் 24.3 மில்லிகிராம் உள்ளன என்க. இம்மில்லிகிராம்களை ஒன்றிலிருந்து ஒன்று கழிப்பதால் பயனில்லை. ஒவ்வொன்றையும் அதனதன் சமான எடையால், அதாவது முறையே 61, 20, 12.15 ஆகியவற்றால் வகுத்தால், 8.0, 1.5, 2.0 மில்லி சமானங்கள் கிடைக்கும். எஞ்சிய சோடியம் கார்பனேட் 4.5. இதனை 2.5க்குக் குறைக்க 2 மில்லி சமானம் கால்சியம் வேண்டும். ஜிப்சத்தின் சமான எடை 86. ஆகவே லிட்டருக்கு 172 மில்லிகிராம் தூய ஜிப்சம் தேவை. ஒரு ஹெக்டேரில் 5 சென்டிமீட்டர் உயரம் நீர் பாய்ச்சினால் 5 லட்சம் லிட்டர். அதற்கு ஜிப்சம் 86 கிலோகிராம். பரிசோதனைக் கூடத்தின் ஓர் எண், வண்டியில் ஏற்ற வேண்டிய மூட்டைகளின் கணக்காக மாறுவதை இங்குக் காணலாம்.

மோலும் நார்மலும்

மோல் என்னும் அளவு 1971ஆம் ஆண்டில் சர்வதேச அலகு முறையில் அடிப்படை அலகாக ஏற்கப்பட்டது. 2019ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் முதல் ஒரு மோல் என்பது 6.02214076 × 10²³ துகள்கள் என்று திட்டமாக வரையறுக்கப்பட்டுள்ளது. ஒரு லிட்டரில் இத்தனை மோல் என்பது கரைசலுக்கே உரிய அளவு. எதிர்வினை மாறினாலும் அது மாறாது. இக்காரணத்தால் சர்வதேச இரசாயன அமைப்புகள் நார்மாலிட்டியைத் தவிர்க்குமாறு கூறுகின்றன.

எனினும் மண், நீர்ச் சோதனைக் கையேடுகள் பலவற்றில் நார்மல் கரைசல்களே இன்றும் காணப்படுகின்றன. ஆதலின் இரண்டு மொழிகளையும் அறிந்திருத்தல் வேண்டும். மோலாரிட்டியை, அவ்வெதிர்வினையில் ஒரு மூலக்கூறு கொடுக்கும் அல்லது ஏற்கும் ஹைட்ரஜன் அல்லது எலெக்ட்ரான் எண்ணிக்கையால் பெருக்கினால் நார்மாலிட்டி கிடைக்கும். அந்த எண்ணிக்கையைச் சொல்லாமல் நார்மாலிட்டியை மட்டும் சொல்வது அரைகுறையான செய்தியே.

கடைப்பிடிக்க வேண்டியவை

புட்டியின் சீட்டில் ஐந்து செய்திகள் இருத்தல் வேண்டும்: பொருளின் பெயர், லிட்டருக்கு எத்தனை மோல், எந்த எதிர்வினைக்கு எத்தனை நார்மல், திட்டப்படுத்திய நாள், திட்டப்படுத்தியவரின் கையொப்பம். சோடியம் ஹைட்ராக்சைடு காற்றிலுள்ள ஈரத்தையும் கரியமில வாயுவையும் உறிஞ்சுவது. பெர்மாங்கனேட் வெளிச்சத்தில் சிதைவது. ஆகவே இவற்றை நிறுத்த எடையைக் கொண்டு நம்புதல் ஆகாது. நீரற்ற சோடியம் கார்பனேட், ஆக்ஸாலிக் அமிலம், டைகுரோமேட் போன்ற தூய பொருளைக் கொண்டு திட்டப்படுத்திய பின்னரே பயன்படுத்தல் வேண்டும். கண்ணாடிக் கலங்கள் 20 அல்லது 27 பாகை வெப்பத்திற்கென அளவிடப்பட்டவை. 20 பாகையில் அமைத்த நீர்க்கரைசல் கோடையில் 40 பாகையை அடைந்தால், விரிவினால் அதன் நார்மாலிட்டி ஆயிரத்திற்கு ஆறு பங்கு அளவில் குறையும்.

பள்ளி ஆசிரியர்கள் 1/10 நார்மல் கந்தக அமிலம் தயாரிப்பதைச் செய்து காட்டலாம். அடர் அமிலம் ஏறத்தாழ 36 நார்மல். அதில் 2.8 மில்லிலிட்டரை எடுத்து, நீரில் மெல்ல ஊற்றிக் கலந்து, ஒரு லிட்டராக்க வேண்டும். அமிலத்தை நீரில் ஊற்றுதல் வேண்டுமேயன்றி, நீரை அமிலத்தில் ஊற்றுதல் கூடாது. பின்னர் 1.325 கிராம் நீரற்ற சோடியம் கார்பனேட்டை 250 மில்லிலிட்டரில் கரைத்தால், மெதில் ஆரஞ்சைக் கொண்டு பார்க்கும் வினைக்கு அது 1/10 நார்மல். அதில் 25 மில்லிலிட்டருக்கு அமிலம் 24.2 மில்லிலிட்டர் செலவாயின், அமிலத்தின் நார்மாலிட்டி 0.1033. இந்த எண்ணையே சீட்டில் எழுத வேண்டும். 0.1 என்று சுருக்கி எழுதப் பழகிய மாணவனே பிற்காலத்தில் வெற்றுச் சோதனையைத் தவிர்ப்பவன் ஆவான்.

உயர் வகுப்பினர்க்கு இன்னொரு பயிற்சியும் உண்டு. லிட்டருக்கு 6.3 கிராம் கொண்ட ஆக்ஸாலிக் அமிலக் கரைசலைக் கொண்டு ஒரு முறை சோடியம் ஹைட்ராக்சைடையும், கந்தக அமிலம் சேர்த்து 60 முதல் 70 பாகை வரை சூடாக்கி மறுமுறை பெர்மாங்கனேட்டையும் தரம் பார்க்கச் செய்யலாம். இரண்டிற்கும் அது 1/10 நார்மலாகவே நிற்கும். பெர்மாங்கனேட்டின் நார்மாலிட்டி வினைக்கு வினை மாறும்போது இதன் நார்மாலிட்டி மட்டும் மாறாதது ஏன் என்று மாணவரைக் கேட்டல் வேண்டும். அது கொடுக்கும் ஹைட்ரஜனும் இரண்டு, இழக்கும் எலெக்ட்ரானும் இரண்டு என்று தாமே கண்டு சொல்லும் மாணவர், நார்மாலிட்டி என்பதன் பொருளை அறிந்தவராவார். அத்தகையோர் நாளை மண் பரிசோதனைக் கூடத்தில் அமரும்போது, சீட்டிலுள்ள எண்ணைச் சோதித்த பின்னரே பியூரெட்டைத் திறப்பர் என்று எதிர்பார்க்கலாம்.